39-8ஆ, 43-8ஆ? 31 அங்குல டயர் போட்ட ஜீப்புக்கு எந்த கிரௌன் பினியன்?

பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புக்கு 31 அங்குல டயர் போட்டால் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஓட்டும்போது தெரியும், இன்ஜின் பாதி உயிர் போன மாதிரி. ஆக்ஸிலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடிதான் கிரௌன் (பெரியது), பினியன் (சிறியது). இப்போது இருக்கும் 39-8 செட்டை அப்படியே விட்டுவிடலாமா, 43-8 செட்டுக்கு மாறலாமா? நான் மாறிவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு சின்னதுதான். 39 பல் கிரௌனுக்கு 8 பல் பினியன் என்றால் விகிதம் 4.88, 43-க்கு 8 என்றால் 5.38. எண் கூடினால் இழுவை கூடும், இன்ஜின் சுற்றும் கூடும். கம்பெனி போட்டுத் தந்த 6.00-16 டயர் சுமார் 28 அங்குலம். அது 31 ஆகும்போது, 4.88 இருக்கும் ஜீப் ஏறக்குறைய 4.4 இருப்பதுபோல நடந்துகொள்ளும். 5.38 போட்டால் இழந்த இழுவை கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிடும். ஸ்பீடோமீட்டர் முள்ளும் பழையபடி உண்மையைச் சொல்லும். டயரை மட்டும் மாற்றியபோது முள் 60 காட்டினால், ஜீப் 66-இல் போய்க்கொண்டிருக்கும்.

39-8 செட்டுக்கு உள்ள ஒரே பலம் நெடுஞ்சாலை. டாப் கியரில் 80-இல் போனால் இன்ஜின் 2,600 சுற்றுச் சொச்சத்தில் ஓடும். 43-8-இல் அது 2,900-ஐத் தொடும். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி போவதற்குள் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரிந்துவிடும். வாரம் தவறாமல் சேலம் போய்வருபவர் என்றால் பழைய செட்டே இருக்கட்டும், சண்டை போட மாட்டேன்.

ஆனால் ஜீப் பெங்களூருக்குள்ளேயே ஓடுகிறது என்றால் முடிவு செய்ய வேண்டியது கிளச் பிளேட்டுதான். பெரிய டயரோடு 39-8 இருந்தால், முதல் கியரில்கூட ஜீப் தானாக ஊரத் திணறும். சில்க் போர்டு நெரிசலில் பத்தடிக்கு ஒரு முறை அரை கிளச் பிடிக்க வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸ் எடுத்து ஏற்றினால் மேலே வருவதற்குள் கருகல் வாசனை வந்துவிடும். வாட்ச்மேனே எட்டிப் பார்ப்பார். 43-8-இல் அதே சரிவில் கிளச்சை முழுதாக விட்டுவிடலாம், ஐடிலிலேயே ஏறும். சக்கரத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது பத்து சதவீத இழுவைதான். ஆனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளச் வழுக்கும் நேரம் குறைகிறது, அதுதான் லாபம். கிளச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பிளேட் விலையைவிட அந்தக் கூலிதான் வலிக்கும்.

“லோ கியரில் (ஃபோர் வீலோடு சேர்ந்து வரும் கூடுதல் இழுவைக் கியர்) போட்டு ஏறிக்கொள்ளலாமே” என்பார்கள். லோ போட்டால் முன் ஆக்ஸிலும் சேர்ந்து இழுக்கும். காங்கிரீட் சரிவில் வளைத்துத் திருப்பும்போது ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும். அது மண் பாதைக்கான வசதி. சேற்றில் நான் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

43-8-க்கு எதிராகச் சொல்ல வேண்டியது வேலைப்பளு. முன், பின் இரண்டு ஆக்ஸிலும் மாற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால், இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி எதையாவது உடைக்கும். அப்புறம் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து இடைவெளி சரிபார்த்துப் பொருத்தும் வேலை. கிரௌனுக்கும் பினியனுக்கும் நடுவே விடும் ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஊளைச் சத்தம் நிச்சயம். இதைக் கையால் ஆட்டிப் பார்த்தே “சரியா இருக்கு சார்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். அந்த ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஜீப்பை விடுங்கள்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் புது செட் கேட்டுப் பாருங்கள். சிவாஜிநகர் பழைய உதிரிபாகக் கடைகளில் பழையது வாங்கினால், கிரௌனிலும் பினியனிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றுதானா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். எண் வேறு என்றால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். முன் ஆக்ஸிலுக்கான செட் கைக்கு வரும்வரை பின் ஆக்ஸிலைக் கழற்ற விடாதீர்கள்.