முழுநீளமா, சினிமாட்டிக்கா, லைவா? யாழ்ப்பாணத்துக் கலியாண வீடியோ பற்றி ஒரு அலசல்

கலியாணம் நிச்சயமானதும் வீடியோக்காரரிடம் முதலில் கேட்கப்படுவது "எவ்வளவு எடுக்கிறியள்?" என்பதுதான். அதற்கு முன் வீட்டுக்குள் கதைத்து முடிக்க வேண்டியது ஒன்று உண்டு: இதை ஆர் இருந்து பார்க்கப் போகினம்? வர முடியாத அம்மம்மாவும் ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவும் பார்க்கும் வீடியோ வேறு, மணமக்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ வேறு. இரண்டையும் ஒரே கமராக்காரர் ஒரே நேரத்தில் எடுப்பது கடினம்.

முழுநீளப் பதிவு என்பது மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கிச் சாப்பாட்டுப் பந்தி வரை விடாமல் எடுத்து, இரண்டரை முதல் நான்கு மணித்தியாலத்துக்குத் தொகுப்பது. சலிப்பாக இருக்கும் என்று இளையவர்கள் சொல்வார்கள். ஆனால் அறுகரிசி இட்டு வாழ்த்த வந்த ஒவ்வொரு முகமும் இதில்தான் இருக்கும். பத்து வருடம் கழித்து வீட்டார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் அந்தப் பகுதியைத்தான், ஏனெனில் அதில் சிலர் அப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள்.

பொன்னுருக்கலையும் இதற்குள் சேர்க்கச் சொல்லுங்கள். வழமையில் மணப்பெண் அதற்குப் போவதில்லை. தன் தாலிக்கான பொன் உருகுவதை அவள் பார்க்கக்கூடிய ஒரே வழி வீடியோதான். உருகிய பொன் பளிச்சென்று ஒளிர்வது சில வினாடிகள் மட்டுமே. கமராவின் வெளிச்ச அளவை ஓட்டோவில் விட்டால் நெருப்பு வெள்ளைப் பொட்டாகிவிடும். கையால் குறைத்து வைத்து எடுக்கத் தெரிந்தவரா என்று கேட்டுப் பாருங்கள்.

முழுநீளப் பதிவின் பெரிய குறை எடிற்றிங்கில் வருகிறது. சடங்கு முழுவதற்கும் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மந்திரத்தையும் மேளத்தையும் மூடிவிடுவார்கள். ஊர்வலத்துக்கும் வரவேற்புக்கும் பாட்டுப் போடலாம், கன்னிகாதானம் முதல் தாலிகட்டு வரை மூலச் சத்தமே வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

சினிமாட்டிக் என்று விற்கப்படுவது பெரும்பாலும் 4 முதல் 6 நிமிட ஹைலைற்றும் 20 முதல் 40 நிமிடப் படமும். வடிவாக இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது எடுக்கப்படும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வினாடிக்கு 50 சட்டகம் எடுத்து 25இல் ஓடவிடும்போது அசைவு பாதி வேகமாகும், சத்தம் பயன்படாது. நல்ல ஷொட் கிடைத்ததும் பதிவை நிறுத்தி அடுத்த கோணத்துக்கு ஓடுவார்கள், இடையில் நடந்தது எங்கும் இருக்காது. பின்னணியை மங்கலாக்கும் லென்ஸில் மணப்பெண்ணின் கண் துல்லியமாக இருக்கும், கழுத்தில் ஏறும் தாலி மங்கிப் போகலாம். ஓமப் புகை இடையில் வந்தால் ஓட்டோபோக்கஸ் முகத்தை விட்டுவிட்டு முன்னும் பின்னும் தேடும்.

ஆகவே இவர்களிடம் மாதிரி கேட்கும்போது ஹைலைற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து கலியாணத்தின் சிறந்த ஐந்து நிமிடத்தை எவராலும் காட்ட முடியும். ஒரே கலியாணத்தின் முழுப் படத்தைக் கேட்டு வாங்கி, தாலிகட்டை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை குனிந்து கொடியின் சுரையைத் திருகிப் பூட்டும் அந்த நேரத்தில் தோழி, ஐயர், இரண்டு தாய்மார், போட்டோக்காரர் எல்லோரும் நெருக்கி நிற்பார்கள். முன்னால் ஒரு கமரா மட்டும் இருந்தால் கிடைப்பது மாப்பிள்ளையின் தலைப்பாகை. மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் ஒன்றும், விரல்கள் தெரியப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் ஸ்ராண்டில் ஒன்றும் குறைந்தபட்சம் வேண்டும். போட்டோக்காரர் எங்கே நிற்பார் என்பதை இருவரையும் முதல் நாளே கதைக்க வைத்துத் தீர்த்துவிடுங்கள். முகூர்த்தம் எவருக்காகவும் காத்திருக்காது, திரும்பக் கட்டிக் காட்டுங்கள் என்று கேட்கவும் முடியாது.

சத்தம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஐயர் மெதுவாக மந்திரம் சொல்லும்போது கமராவின் ஓட்டோ மைக் தானே அளவைக் கூட்டும், கெட்டிமேளம் எழுந்த கணத்தில் நாதஸ்வரமும் தவிலும் கரகரவென்று உடைந்துவிடும். அப்படி உடைந்த சத்தத்தை எடிற்றிங்கில் முழுமையாகத் திருத்த முடியாது. தனி ரெக்கோடரில் சராசரி அளவு -12 டெசிபல் அருகே வைத்து, அதைவிட 10 முதல் 20 டெசிபல் குறைவாக இன்னொரு தடத்திலும் பதிவது பாதுகாப்பு. ஐயருக்குச் சட்டை இல்லை. சால்வையில் குத்திய மைக் ஒவ்வொரு அசைவிலும் உரசும். மணவறைத் தூணில், ஐயர் இருக்கும் பக்கமாக, சிறிய மைக்கை ஒட்டி வைப்பது நல்லது.

மூன்றாவது லைவ். நேரத்தை முதலில் கணக்கிடுங்கள். இங்கே காலை 10.30 முகூர்த்தம் என்றால் தை மாதத்தில் லண்டனில் அதிகாலை 5.00, ரொறன்ரோவில் நள்ளிரவு 12.00. ஆவணியில் லண்டனில் 6.00, ரொறன்ரோவில் 1.00. கனடா உறவுகளில் பாதிப்பேர் விடிந்த பிறகுதான் பார்ப்பார்கள், எனவே ஒளிபரப்பு முடிந்தும் அதன் இணைப்பு (லிங்க்) அழியாமல் இருக்க வேண்டும். அந்த லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தால் போதும்.

1080பி தரத்துக்கு இணையத்தில் ஏற்றும் வேகம் வினாடிக்கு 5, 6 மெகாபிற் தேவை, நிம்மதியாக இருக்க அதன் இரட்டிப்பு. வெற்று மண்டபத்தில் அளந்து பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்நூறு பேர் கையில் போனுடன் வந்தால் சிம் இணைப்பு திணறும். மண்டபத்தின் பைபர் கேபிளில் நேரடியாகக் கொழுவி, வேறொரு நிறுவனத்துச் சிம்மைப் பின்துணையாக வைக்க வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேற்றர் ஏறும் அந்தச் சில வினாடியில் ரவுட்டர் அணைந்தால் மீண்டும் இணைய நிமிடங்கள் ஆகும், ஒரு சிறிய யூபிஎஸ் அதைக் காப்பாற்றும். மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைக்காக யூரியூப் லைவை இடையில் நிறுத்திவிடவும் கூடும், மேளக்காரர் இருக்கும்போது அந்தப் பாட்டே தேவையில்லை. லைவுக்காக மாற்றி மாற்றி வெட்டிய பதிவை மட்டும் வைத்து முழுநீளம் செய்ய முடியாது. ஒவ்வொரு கமராவும் தன் அட்டையிலும் தனியே பதிய வேண்டும்.

ட்ரோன் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், பலாலி விமான நிலையப் பக்கம் என்றால் ட்ரோனை விட்டுவிடுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தாலிகட்டு வைப்பவர்கள், உள்ளே கமராவால் எடுக்க அனுமதி இல்லை என்பதை முன்னரே கணக்கில் எடுக்க வேண்டும்.

பணம் ஒன்றுக்கு மட்டும் என்றால் இரண்டு கமராவும் தனிச் சத்தப் பதிவும் கொண்ட முழுநீளத்தையே எடுக்கச் சொல்வோம். அதிலிருந்து ஐந்து நிமிட ஹைலைற் வெட்டலாம், ஹைலைற்றிலிருந்து கலியாணத்தை மீட்க முடியாது. நெருங்கிய உறவு வெளிநாட்டில் என்றால் அடுத்த பணம் லைவுக்கு. சினிமாட்டிக் அதற்குப் பிறகுதான்.

வீடியோக்காரரை ஒழுங்கு செய்யும்போது, எடுக்க வரும் ஆள் யார் என்று கேளுங்கள். நல்ல முகூர்த்த நாளில் ஒரே ஸ்ரூடியோவுக்கு மூன்று கலியாணம் இருக்கும், மாதிரியைக் காட்டியவர் ஒன்றுக்குத்தான் போவார். யார் வருவார், எத்தனை கமரா, எந்தத் திகதிக்குள் கொடுப்பார் என்பவை முற்பணச் சிட்டையிலேயே இருக்கட்டும். வெட்டாத பதிவும் உங்களுக்கே என்று எழுதுங்கள். 4கே பதிவு வினாடிக்கு 100 மெகாபிற்றில் மணிக்கு 45 ஜீபி, மூன்று கமரா ஐந்து மணித்தியாலம் ஓடினால் 675 ஜீபி. ஒரு ரெராபைற் டிஸ்க் இரண்டு வாங்கிக் கொடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதைச் சகோதரர் வீட்டிலும் வையுங்கள். இரண்டிலும் பதிவு திறக்கிறதா என்று பார்த்த பிறகே கமரா அட்டைகளை அழிக்கச் சொல்லுங்கள்.