லண்டனா, மெல்பேணா, டுபாயா: அக்காவின் கிளினிக் கொப்பியை வைத்து ஒரு கணக்கு

கொக்குவிலில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று லண்டன் வேலை, மற்றது மெல்பேண் வேலை. டுபாயில் இருந்தும் ஒரு அழைப்பு வாய்ப்பேச்சளவில் இருந்தது. அத்தான் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் எழுதி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா தன் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து அந்தக் கடிதங்களுக்கு மேல் வைத்தாள். மட்டை கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டிய கொப்பி. அவளுக்கு ஐந்து வருடமாகச் சலரோகம். பெரியாஸ்பத்திரியில் இலக்கம் எடுத்து, இரத்தம் சோதித்து, குளிசை வாங்கி வருகிறாள். அங்கே ஒரு சதம் கட்டியதில்லை. அப்படியே பழகிவிட்டதால் வெளிநாட்டுக்கு வெளிக்கிடும்போது ரிக்கெற், விசாக் காசு, குளிர் உடுப்பு எல்லாம் நினைவில் நிற்கின்றன. மருத்துவக் காப்புறுதி கடைசியாகத்தான் வருகிறது.

முதலில் லண்டன். அங்கே காப்புறுதி வாங்கத் தேவையில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதார மேலதிகக் கட்டணம் கட்டிவிட்டால் தேசிய சுகாதார சேவையைப் பாவிக்கலாம். 2024 பெப்ரவரியில் இருந்து பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்ட்ஸ், 18 வயதுக்குக் கீழே 776. கேட்க ஒன்றும் பெரிதில்லை. ஆனால் விசாக் காலம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கட்டவேண்டும். அத்தான், அக்கா, இரண்டு பிள்ளைகள், மூன்று வருட விசா என்றால் 10,866 பவுண்ட்ஸ். முதல் சம்பளம் கைக்கு வர முன்னமே! விசா மறுக்கப்பட்டால் அந்தக் காசு திரும்பி வரும், அது ஒரு ஆறுதல். தாதி, மருத்துவர் போன்றோருக்கான சுகாதார விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணமே இல்லை. அத்தான் பொறியியலாளர், அவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கட்டின பிறகு நிலைமை வேறு. பழைய வருத்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்டுத் தள்ளிவைப்பதில்லை. பிள்ளைப்பேறும் அதற்குள் அடக்கம். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு என்றாலும், சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் எடுத்தால் அதுவும் இலவசம். அக்காவுக்கு இது பெரிய விஷயம்.

மெல்பேண் நேர் எதிர். அங்கே தற்காலிக வேலை விசாவில் இருக்கும் இலங்கையருக்கு மெடிகெயார் என்ற அரசின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. தனியார் காப்புறுதி எடுத்து, விசா இருக்கும்வரை விடாமல் வைத்திருக்கவேண்டும். விசா நிபந்தனையே அது. மாதாமாதம் கட்டலாம், ஆகவே தொடக்கத்தில் கை கடிக்காது. கடிப்பது காத்திருப்புக் காலத்தில். ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துப் பார்க்க நேர்ந்தால், பெரும்பாலான திட்டங்களில் முதல் 12 மாதம் காசு கிடைக்காது. பிள்ளைப்பேற்றுக்கும் அதே 12 மாதம். விலை குறைந்த திட்டத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. வெளியில் டொக்டரைப் பார்ப்பதற்கும் பாமசியில் மருந்து வாங்குவதற்கும் எவ்வளவு தருவார்கள் என்பதைத்தான் முதலில் வாசிக்கவேண்டும்.

டுபாயில் வேலை செய்பவருக்கு முதலாளி காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும், சட்டம் அது. மனைவி, பிள்ளைகளுக்கு அவர்களை ஸ்பான்சர் பண்ணுகிறவர், அதாவது அத்தான், எடுக்கவேண்டும். அபுதாபி சட்டத்தில் மனைவிக்கும் மூன்று பிள்ளைகள் வரைக்கும் முதலாளிதான் பொறுப்பு. ஒரே நாடுதான், ஆனாலும் எமிரேட் மாறினால் குடும்பத்தின் செலவும் மாறும். எனக்குப் பயம் தருவது இன்னொன்று: வேலை போனால் விசா போகும், அதோடு காப்புறுதியும் போகும்.

கனடா எங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் கேள்வி என்பதால் ஒரு வார்த்தை. மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஒன்ராறியோவில் ஆறு மாதமாவது முழுநேர வேலை என்று காட்டினால் காத்திருப்பு இல்லாமல் ஓஹிப் என்ற மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியை எடுக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதற்குப் பிறகு இரண்டு மாதமும் பொறுக்கவேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்புறுதி எடுக்காமல் விமானம் ஏறக்கூடாது.

சரி, என் முடிவு? அக்காவுக்கு லண்டன்தான். மெல்பேண் சம்பளம் கூடத்தான், ஆனால் சீனி ஒருநாள் ஏறி அவள் வார்டில் கிடக்க நேர்ந்தால், முதல் வருடத்தில் அந்தக் கூடுதல் சம்பளம் எந்த மூலைக்கு? வருத்தம் எதுவும் இல்லாத, பிள்ளைப்பேறும் உடனே எதிர்பார்க்காத இளம் தம்பதி என்றால் மெல்பேணையே சொல்லியிருப்பேன்.

அத்தான் அன்றிரவே லண்டன் கம்பெனிக்கு எழுதினார்: சுகாதாரக் கட்டணத்தை நீங்கள் கட்டுவீர்களா, கட்டினால் எனக்கு மட்டுமா, நாலு பேருக்குமா? பதில் இன்னும் வரவில்லை. அக்கா அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் குளிசைகளின் மருந்துப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக எழுதித் தரச்சொல்லி வாங்கி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு சேர்த்துப் பைலில் வைத்திருக்கிறாள்.