பழைய ஸ்விஃப்ட் டீசல்: கடைக்கு ஒரு ஸ்டார், பட்டறைக்கு ஐந்து

முறுக்கு, தட்டுவடை, அதிரசம் சுட்டுக் கடைகளுக்குப் போடுவது எங்கள் தொழில். வீடு கோபியில். வாரம் மூன்று நாள் சத்தி, பண்ணாரி வழியாகத் திம்பம் மலையேறித் தாளவாடி வரை சரக்கு போகும். வாடகை ஆம்னி வேனுக்கு மாதம் பதினாலாயிரம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று ஈரோட்டில் ஒரு பழைய கார் கடைக்குப் போனோம். கடையின் பேரை எழுதப்போவதில்லை. பேர் மாறினாலும் அந்தப் பேச்சு எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

பார்த்தது 2014 ஸ்விஃப்ட் டீசல். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால் டீசல் ஸ்விஃப்ட் வேண்டுமென்றால் பழையதுதான். ஃபியட் வடிவமைத்த அந்த 1248 சி.சி. எஞ்சின் டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடியது. அதனால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம். மீட்டரில் 1,12,000. கேட்டது 3,95,000, முடிந்தது 3,60,000.

ஒன்றும் தெரியாமல் போய் மாட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தார்: "போன உடனே பானெட்டைத் தொட்டுப் பாரு. சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஜில்லுனு இருக்கிற எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிக் கேட்கணும்." தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. ஒரே சாவியில் எடுத்தது. புகை இல்லை. லேசாக ஒரு தட்டல் மட்டும் கேட்டது. எங்கள் வீட்டுக் கிரைண்டரில் குழவிக்கல் சரியாக உட்காராத நாளில் ஒரு சத்தம் வருமே, அதையே பத்து வீடு தள்ளி நின்று கேட்பது மாதிரி.

கேட்டுவிட்டேன். "என்ன தம்பி, தட்டுதே?"

"டீசல்னா அப்படித்தானுங்க்கா இருக்கும். வேணும்னா ஒரு டேப்பெட் செட்டிங் பண்ணிக் கொடுத்துடறனுங்க. போயிரும்." டேப்பெட் என்றால் எஞ்சின் மேல்பக்கம் வால்வுகளைத் திறந்து மூட உதவும் பாகம்.

அப்புறம் ஓட்டிப் பார்க்கப் போனோம். ஏறி உட்கார்ந்ததும் தம்பி ஏ.சி.யைப் போட்டார், பாட்டைப் போட்டார். நல்ல ஸ்டீரியோ, பின் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர். இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். பாட்டு முடியவே இல்லை.

காகித விஷயத்தில் குறை சொல்ல முடியாது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டிக் கடைக்காரர்களும் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். கேட்டதும் காட்டினார்கள். பேர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள், பழைய லோன் முடிந்ததற்கான 35, எல்லாம் கையெழுத்தோடு தயாராக இருந்தன. பேர் மாற்றமும் இழுபறியில்லாமல் முடிந்தது. அந்த ஒரு ஸ்டார் இதற்குத்தான்.

மூன்றாம் நாள் முதல் லோடு. திம்பத்தில் இரவில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் விடிந்ததும் பண்ணாரி செக்போஸ்ட் தாண்டினோம். பின் சீட்டை மடக்கி எட்டு டின் சரக்கு. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவில் இவர் கியர் மாற்றக் காலை எடுத்த நேரம் கேட்டது: டொக், டொக், டொக். மறுபடி மிதித்தால் கொஞ்சம் அமுங்குகிறது, காலை விட்டால் திரும்ப வருகிறது. பத்தாவது வளைவில் தட்டுவடை டின் எல்லாம் சேர்ந்து தாளம் போட்டது. ஓரம் கட்டினோம். ஆயில் விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது. குரங்குகள் சூழ்ந்துகொண்டன. சரக்கை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, ஸ்விஃப்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கீழே வந்தோம்.

கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். "வித்தது வித்ததுங்க்கா. உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல." போட்டிருந்தேன். நான்கு முறை நேரில் போய் உட்கார்ந்த பிறகு 15,000 கொடுத்தார். டேப்பெட் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, எஞ்சினையே மாற்ற வேண்டும், 1,40,000 ஆகும் என்றார்கள். அப்போதுதான் சத்தி ரோட்டில் இருக்கும் ஒரு பழைய பட்டறையைப் பற்றிப் பால்காரர் சொன்னார். தகரக் கூரை, ஒரே ஒரு லிப்ட், அறுபது வயது மெக்கானிக். அவர் பேரையும் எழுதவில்லை. கூட்டம் பிடிக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

அவர் முதலில் செய்தது, ஒன்றும் செய்யாததுதான். வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும் வரை பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதில் வைத்தார். என்னையும் கூப்பிட்டார். "கேளுங்க அம்மிணி." மேலே, வால்வுகள் இருக்கும் ஹெட்டில் வைத்தபோது சன்னமான டிக்டிக் மட்டும். கீழே, ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவது போல இருந்தது.

டேப்பெட் என்றார்களே என்றேன். சிரித்துவிட்டார். "இந்த எஞ்சினுக்கு ஹைட்ராலிக் டேப்பெட். ஆயில் பிரஷர்ல தானா அட்ஜஸ்ட் ஆகிக்கும். செட்டிங் பண்ண அதுல எதுவுமே இல்லை."

அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த சிலிண்டரில் டீசல் எரியவில்லை என்றால் பிஸ்டனை அடித்துத் தள்ளும் வேகம் இல்லை, அதனால் தட்டவில்லை. சரி, தெரிந்துவிட்டது என்று நான் எழுந்தேன். அவர் எழவில்லை. "இன்ஜெக்டர் கெட்டிருந்தாலும் இதே மாதிரிதான் அடங்கும். சம்ப்பைக் கழட்டிப் பார்க்காம நான் விலை சொல்லமாட்டேன்." ஐந்து ஸ்டாரில் மூன்று இந்த ஒரு வார்த்தைக்கு.

ஆயிலை இறக்கினார். கருப்பாக இல்லை, புதுசு. விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்குப் போடுகிற ஆயில் இல்லை, தடித்த ஆயில் என்றார். அதை வெள்ளை பனியன் வேஸ்டில் ஊற்றி வெயிலில் பிடித்தார். ஜரிகை மாதிரி மின்னியது.

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி கான்ராட், அது சுற்றிவிடும் தண்டு கிராங்க். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பேரிங் இருக்கிறது. அதற்கும் கிராங்குக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடி தடிமன்கூட இருக்காது, அதில் ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேரிங் தேய்ந்து இடைவெளி பெருகினால் ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு இரும்பை அடிக்கும். தடித்த ஆயில் குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளியை மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும், சத்தம் வராது. சூடாகி ஆயில் இளகினால் தட்டும். நான் பெருமையாகத் தொட்டுப் பார்த்தேனே ஜில்லென்ற பானெட், அது எனக்குச் சாதகமாக இருக்கவில்லை, தம்பிக்குத்தான் சாதகமாக இருந்தது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினின் கிணுகிணுப்பையும் புகையையும் கண்டுபிடிக்கலாம். இந்தத் தட்டலுக்கு அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், ஆள் ஏற்றிக்கொண்டு, மேட்டில், பாட்டு இல்லாமல்.

சம்ப்புக்குள் ஆயில் உறிஞ்சும் வலை ஒன்று உண்டு. அதைக் கையில் கொடுத்தார். முறுக்கு எண்ணெயை மாற்றாமல் சுட்டுக்கொண்டே இருந்தால் வாணலியில் ஓர் அடிமண்டி நிற்குமே, அச்சு அசல் அதேதான் வலை முழுக்க. பேட்டரிக்குப் பின்னால் கம்பியில் ஒரு சிறிய அட்டை தொங்கியது. ஆயில் மாற்றுகிறவர்கள் கட்டிவிடுவது. அடுத்த ஆயில் 84,000 என்று பேனாவில் எழுதியிருந்தது. முன்னால் வைத்திருந்தவர் 84,000-ஐத் தாண்டி எத்தனை ஓட்டினாரோ. வண்டியைச் செய்த கம்பெனியை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த எஞ்சினும் இப்படித்தான் போகும்.

கிராங்கைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிக் கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற தடிமனான பேரிங், புது ஆயில் பம்ப், டைமிங் செயின் செட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 56,800. பழைய பேரிங்குகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மூன்றாவது சிலிண்டருடையதில் மேல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. பூஜை அறையில் தேய்த்து வைத்த விளக்கு மாதிரி பளபளப்பு. பன்னிரண்டு நாள் ஆகும் என்றார், பதினாறு ஆனது. அது ஒன்றுதான் குறை.

இப்போது ஏழு மாதம், 14,000 கிலோமீட்டர். திம்பம் ஏறும்போது டின் சத்தம் மட்டும் கேட்கிறது. சரக்கோடு லிட்டருக்கு 19 கொடுக்கிறது. கைக்கு வந்த 15,000-ஐக் கழித்தாலும் வண்டி நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த விலைக்கு இதைவிட நல்லதாகவே வாங்கியிருக்கலாம். வண்டிக்கு மூன்றரை ஸ்டார்.

தம்பியின் ஸ்டீரியோவுக்கு ஐந்துக்கு ஐந்து. இன்றுவரை ஒரு பிசிறு இல்லாமல் பாடுகிறது.