பிளக்இன் இல்லையாம்: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்டோடு பத்து வருடம்

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் 2014-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய திங்க்பேட் எக்ஸ்220 இது. முந்நூறு வெள்ளிக்குள் முடிந்தது. வாங்கிய வாரமே லினக்ஸ் மின்ட் 17 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அப்புறம் ரேமை 8 ஜிபி ஆக்கினேன், எஸ்எஸ்டி மாற்றினேன், பேட்டரி இரண்டு முறை. மின்ட்டின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஹோம் பகுதியைத் தொடாமல் மற்றதை மட்டும் அழித்துப் போடுவேன். அதனால் என் கோப்புகளும் ஃபயர்பாக்ஸ் உலாவியின் அமைப்புகளும் அப்படியே கூட வந்தன. வசதிதான். வினையும் அங்கேதான் இருந்தது.

இத்தனை வருடத்தில் இந்த மெஷின் எனக்கு அதிகம் காட்டிய செய்தி 'பிளக்இன் இல்லை' என்பதுதான். பிளக்இன் என்பது உலாவியில் கூடுதலாகச் செருகும் சிறு மென்பொருள். ஆரம்பத்தில் அது, அந்தக் காலத்து இணைய வீடியோக்களை ஓட்டிய ஃப்ளாஷைக் குறித்தது. லினக்ஸ் ஃபயர்பாக்ஸுக்கான ஃப்ளாஷ் 11.2-ஓடு பல வருடம் நின்றிருந்தது. குரோமில் மட்டும் புதியது உள்ளேயே வந்தது. கோப்பை இறக்கி, பிளக்இன்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு, ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தால் வேலை முடிந்தது. 2017-இல் ஃபயர்பாக்ஸ் 52 வந்து ஃப்ளாஷைத் தவிர மற்ற பழைய பிளக்இன்களுக்கெல்லாம் கதவடைத்தது. 2020 கடைசியில் ஃப்ளாஷின் கதையும் முடிந்தது. தமிழில் செருகுநிரல் என்று அழகான சொல் இருக்கிறது. 2021 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் 85 வந்த பிறகு நாமாகச் செருகுவதற்கு இடமே இல்லை.

ஆனால் செய்தி மட்டும் போகவில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் திரும்ப வந்தது.

அம்மா தொலைக்காட்சியில் வசந்தம் ஒளிவழி பார்ப்பவர். பேரன் ஒரு ஸ்ட்ரீமிங் தளத்துக்குச் சந்தா கட்டிக் கொடுத்துவிட்டதால், அறையில் உட்கார்ந்தபடியே தொடர் பார்க்க ஆசைப்பட்டு என் லேப்டாப்பைக் கேட்டார். திறந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது: "என்னப்பா, கறுப்பா நிக்குது?" கறுப்புக் கட்டத்தின் நடுவே, தேவையான பிளக்இன் இல்லை என்று ஒரு வரி.

அன்றைய மாலை வீண். பழைய பழக்கத்தில் நேரே, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்தேன். எந்தக் காலத்திலோ குறித்து வைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். பாதிக்கு அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்று பதில். கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் உலாவியைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே கறுப்பு. அது எதிர்பார்க்க வேண்டியதுதான். இந்தத் தளங்கள் யாரும் நகலெடுக்காதபடி வீடியோவைப் பூட்டித் தருகின்றன, டிஆர்எம் என்பது அதைத்தான். அவை கேட்பது வைட்வைன் என்ற பூட்டுத் திறக்கும் பகுதியை. கூகுள் குரோமில் அது கூடவே வரும், வெறும் குரோமியத்தில் வராது. யூடியூபில் சாதாரண வீடியோக்களுக்கு இது வேண்டாம், ஆகவே இத்தனை நாள் எனக்குக் குறையே தெரியவில்லை.

ஃபயர்பாக்ஸில் வைட்வைனை நாம் தேடிப் போய் நிறுவ வேண்டியதில்லை. அமைப்புகளில் 'டிஆர்எம் உள்ளவற்றை இயக்கு' என்ற பெட்டியை டிக் செய்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். லினக்ஸில் 2016 முதலே இந்த வசதி உண்டு. டிக் செய்தேன். ஆட்ஆன்ஸ் பக்கத்தில் பிளக்இன்ஸ் பிரிவைப் பார்த்தால், 'விரைவில் நிறுவப்படும்' என்றது. அரை மணி நேரம் கழித்தும் அதேதான். மறுநாளும் அதேதான்! ஆட்ஆன்களை எல்லாம் நிறுத்திவைக்கும் ட்ரபிள்ஷூட் மோடிலும் மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "மாமா, புது ப்ரோஃபைல்ல தொறந்து பாத்தீங்களா?" பார்க்கவில்லை. திறந்தோம். ஒரு நிமிடத்தில் வைட்வைன் இறங்கி, தொடர் ஓடியது. அப்படியென்றால் இணையத்திலும் கோளாறில்லை, மின்ட்டிலும் இல்லை, ஃபயர்பாக்ஸிலும் இல்லை. ஹோம் பகுதியோடு கூடவே வந்த என் பழைய ப்ரோஃபைலுக்குள்தான், அதாவது ஃபயர்பாக்ஸ் என் அமைப்புகளை வைத்திருக்கும் ஃபோல்டருக்குள்தான் ஏதோ.

தேடியதில் யூசர் டாட் ஜேஎஸ் என்ற கோப்பு கிடைத்தது. ஃபயர்பாக்ஸ் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதிலுள்ள அமைப்புகளைப் படித்துக்கொள்ளும். 2017 வாக்கில், அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நானே வைத்தது! நூற்றுக்கணக்கான வரிகள், நான் படித்தது பத்துகூட இருக்காது. அதில் ஒரு வரி, இந்த மாதிரிப் பகுதிகளை எங்கே போய் இறக்குவது என்ற முகவரியையே காலி செய்து வைத்திருந்தது. முகவரி இல்லாத கடையில் ஃபயர்பாக்ஸ் எத்தனை நாள் போய்க் கேட்கும், பாவம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு, ஃபயர்பாக்ஸின் உள் அமைப்புகளைக் காட்டும் கான்ஃபிக் பக்கத்தில் மதிப்பை மாற்றினால், அடுத்த முறை திறக்கும்போது பழையபடி ஆகிவிடும். கோப்பை மட்டும் அழித்தாலும் போதாது. அது எழுதிவிட்டுப் போன மதிப்புகள், ஃபயர்பாக்ஸ் தானே சேமித்து வைக்கும் ப்ரெஃப்ஸ் கோப்பில் தங்கியிருக்கும். ஃபயர்பாக்ஸை மூடி, கோப்பின் பெயரை மாற்றி, மறுபடி திறந்து, கான்ஃபிக் பக்கத்தில் அந்த வரியை ரீசெட் செய்து, இன்னொரு முறை மூடித் திறந்தேன். வைட்வைன் வந்தது.

ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை. லினக்ஸில் பல தளங்கள் படத்தின் தெளிவைக் குறைத்துத்தான் தரும் என்பதில் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் இதன் திரையே 1366-க்கு 768 என்பதால் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பூட்டிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலை முழுக்க பிராசசர் தலையில் விழுகிறது. பத்து நிமிடத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கும். அம்மா ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறார்.