டாக்ஸுக்குத் தனிக்குடித்தனமா, கூட்டுக்குடும்பமா?

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பராமரிக்கும் சின்ன பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் (இணையதளம் கட்ட உதவும் நிரல் அடித்தளம்) ஒரு செட்டிங் உண்டு. அப்லோட் செய்யும் ஃபைல் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அதில் சொல்லவேண்டும். முன்பு அதைக் கிலோபைட்டில் கொடுத்தோம். ஒரு பெரிய ரிலீஸில் பைட்டுக்கு மாற்றினோம். மாற்றியவன் நான்தான். டாக்ஸ், அதாவது பயன்படுத்துபவர்களுக்கான விளக்க ஆவணங்கள், அப்போது தனி ரெப்போவில் (ஃபைல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் களஞ்சியம்) இருந்ததால் அங்கேயும் ஒரு பிஆர் (புல் ரிக்வெஸ்ட், மாற்றத்தை மெர்ஜ் செய்து சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டேன். இன்னொரு பராமரிப்பாளர் பார்த்துவிட்டு, "சரி, ரிலீஸ் ஆனதும் மெர்ஜ் பண்ணிக்கலாம்" என்று எழுதினார். அவர் சொன்னது நியாயம்தான். தளத்தில் இருப்பது வெளிவந்த பதிப்பின் டாக்ஸ், இன்னும் வராததை அங்கே போட முடியாது.

ரிலீஸ் ஆனது. மூவரும் போய்த் தூங்கினோம். பிஆர் பதினோரு வாரம் அப்படியே கிடந்தது. அதற்குள் புதிதாக வந்தவர்கள் டாக்ஸைப் பார்த்து 5000 என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து எம்பி என்று அவர்கள் நினைக்க, கிடைத்ததோ ஐயாயிரம் பைட். ஃபோனில் எடுத்த ஒரு படம்கூட உள்ளே போகவில்லை. "உங்கள் ஃபிரேம்வொர்க்கில் அப்லோடே வேலை செய்யாதா?" என்று ஒருவர் இஷ்யூ (புகார்ப் பதிவு) திறந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு டாக்ஸை நிரல் இருக்கும் ரெப்போவுக்குள்ளேயே கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். பைத்தான் ஃபிரேம்வொர்க்குகளான ஜாங்கோ, ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ மூன்றும் டாக்ஸை நிரலோடு ஒரே ரெப்போவில் வைத்திருக்கின்றன. ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் கைடுகளும் அப்படித்தான். பிஎச்பியின் லாராவெல், ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்து வ்யூ, ரியாக்ட், ஆஸ்ட்ரோ ஆகியவை தனி ரெப்போ. விக்கி என்று மூன்றாவது ஒன்றையும் சொல்வார்கள். முறையான ரிவ்யூ கிடையாது, எந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கு என்றும் தெரியாது, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். எழுதும் வடிவம் மார்க்டவுனா ஆர்எஸ்டியா, எந்தத் தீம், தேடல் எப்படி என்பதெல்லாம் எங்கே வைத்தாலும் ஒரே தலைவலிதான்.

என் கணக்கில் தீர்மானிப்பது ஒரே விஷயம்: ஒரு நிரல் மாறும்போது அதன் டாக்ஸ் கையோடு கையாக மாறுகிறதா, இல்லை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போகிறதா? ஒரே ரெப்போவில் இருந்தால், டாக்ஸ் தொடாத பிஆரை ரிவ்யூ செய்பவர் அங்கேயே நிறுத்தி வைக்கலாம். ஜாங்கோவில் இது எழுதப்பட்ட விதி. புதிய வசதி என்றால் டாக்ஸும் ரிலீஸ் குறிப்பும் அதே பிஆரில் வரவேண்டும், டெஸ்ட் இல்லாமல் வந்தால் எப்படித் திருப்பி அனுப்புவார்களோ அப்படியே இதையும் அனுப்புவார்கள். தனி ரெப்போ என்றால் இரண்டு பிஆர், இரண்டு ரிவ்யூ, பல நேரம் இரண்டு வேறு ஆட்கள். ஒரு ரெப்போவின் பிஆர் மெர்ஜ் ஆகாமல் இன்னொன்றில் மெர்ஜ் செய்ய விடாதே என்று சொல்ல, ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் நேரடி வழி இல்லை. ஞாபகசக்தியை நம்பித்தான் ஓட்டவேண்டும். எங்கள் மூவரின் ஞாபகசக்தி எப்படி என்பதை மேலே பார்த்தீர்கள்.

இதில் நான் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. சில மாதம் முன்பு ஒரு புதியவர் மூன்று வரி மாற்றம் அனுப்பினார். டாக்ஸும் வேண்டும் என்றேன். "மூணு வரிக்கு நாலு வரி விளக்கமா?" என்று சலித்துக்கொண்டார். மறுநாள் அதே பிஆரில் டாக்ஸ் வந்தது. கூடவே, அவர் முதலில் வைத்திருந்த பாராமீட்டர் பெயரும் மாறியிருந்தது. எழுதி விளக்கப் பார்த்தபோது அந்தப் பெயர் நேர் எதிர்ப்பொருள் தருவதை அவரே கண்டுபிடித்துவிட்டார். ரிலீஸுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து டாக்ஸ் எழுதியிருந்தால் அந்தப் பெயர் நிரந்தரமாகியிருக்கும். வெளியே போன பெயரை மாற்றுவது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

பெரிய அளவில் பார்க்க ஜாங்கோவையும் ரியாக்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 யூஆர்எல் எழுதும் முறையையே மாற்றியது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் சிக்கலுக்குப் பதில் எளிய பாத் ஃபங்ஷன். அதே பதிப்பின் டுடோரியலிலேயே புதிய முறைதான் இருந்தது. ரியாக்டில் கம்போனென்ட் (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல் துண்டு) எழுதும் புதிய முறையான ஹூக்ஸ் 16.8 பதிப்பில், 2019 பிப்ரவரியில் வந்தது. ஹூக்ஸுக்கென்று தனிப் பகுதி அப்போதே நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் புதிதாகக் கற்க வருபவர் முதலில் திறக்கும் பக்கங்கள் 2023 மார்ச்சில் புதிய தளம் வரும்வரை பழைய முறையான கிளாஸ் கம்போனென்ட்டைத்தான் சொல்லிக்கொடுத்தன. இதற்குத் தனி ரெப்போதான் காரணம் என்று சொன்னால் அநியாயம். அவர்கள் முழு டாக்ஸையும் அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள், அதற்கு நாளாகும். யூஆர்எல் முறை ஒரு மூலை, ஹூக்ஸ் வீட்டையே மாற்றிக் கட்டுவது. ஆனாலும் டுடோரியல் மாறாமல் புதிய முறை வெளியே போகாது என்ற கட்டாயம் ஜாங்கோவில் இருந்தது, ரியாக்டில் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது பதிப்பு. ஒரே ரெப்போ என்றால் ரிலீஸுக்குக் கிளை (பிராஞ்ச், ரெப்போவுக்குள் தனியாகத் தொடரும் ஒரு நகல்) பிரியும்போது டாக்ஸும் கூடவே பிரிந்துவிடும். 4.2 பதிப்பின் டாக்ஸ் என்ன என்று யாரும் யோசிக்க வேண்டாம், 4.2 கிளையில் இருப்பதுதான். ஜாங்கோவில் "இது இந்தப் பதிப்பில் புதிது" என்ற குறிப்பை வசதியின் பக்கத்திலேயே போடுவார்கள். அடுத்தடுத்த பதிப்புகளின் வேலை தொடங்கும்போது பழைய குறிப்புகளை மொத்தமாக ஒரே கமிட்டில் (ரெப்போவில் பதிவாகும் ஒரு மாற்றம்) துடைத்துவிடுவார்கள். ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கத்தைத் திறந்தால், இது பாதுகாப்பற்ற பதிப்பு என்று தளமே எச்சரிக்கும். நாங்கள் முதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். மூன்றாவதை எடுக்கவில்லை, அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். லாராவெல் இதே காரியத்தைத் தனி ரெப்போவில் ஒழுங்காகச் செய்கிறது. டாக்ஸ் ரெப்போவில் பதிப்புக்கு ஒரு கிளை, அடுத்த ரிலீஸுக்கான எழுத்தெல்லாம் மாஸ்டர் கிளைக்கு. நாங்கள் அன்றைக்கு இவ்வளவு செய்திருந்தால் என் பிஆர் ரிலீஸுக்குக் காத்துக் கிடந்திருக்காது. லாராவெலை நான் தொட்டது ஒரே ஒரு ப்ராஜெக்ட்டில்தான், அதன் டாக்ஸில் தப்பு என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆக, தனிக்குடித்தனம் போனாலே கெட்டுப்போகும் என்பதில்லை. அதற்கு வேண்டிய ஒழுங்கு எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

உதாரண நிரல்கள் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐ டாக்ஸில் வரும் உதாரணங்கள் பக்கத்துக்குள் தட்டச்சு செய்தவை அல்ல. தனித்தனி பைத்தான் ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன, பக்கங்கள் அவற்றை இழுத்துக் காட்டுகின்றன, டெஸ்ட்கள் அவற்றை ஓட்டிப் பார்க்கின்றன. நிரலை மாற்றி உதாரணம் உடைந்தால் அந்த பிஆரே சிவப்பாகிவிடும். நாங்களும் அப்படிப் பிரித்தெடுத்து முதல் முறை ஓட்டினோம். திரை முழுக்கச் சிவப்பு. முதல் பக்கத்திலேயே, நிறுவிய உடன் எல்லோரும் காப்பி செய்யும் அந்த உதாரணத்தில், இரண்டு பதிப்புக்கு முன்பே இடம் மாறிப்போன ஒரு மாட்யூலிலிருந்து இம்போர்ட் செய்துகொண்டிருந்தோம். யாரும் புகார் சொல்லவில்லை. ஓடவில்லை என்றதும் பேசாமல் வேறு ஃபிரேம்வொர்க்கைத் தேடிப் போயிருப்பார்கள். டாக்ஸ் தனி ரெப்போவில் இருந்தாலும் இப்படி டெஸ்ட் செய்யலாம், ஆனால் அங்கே உடைவது தெரியவருவது நிரல் மெர்ஜ் ஆன பிறகுதான்.

இனி கூட்டுக்குடும்பத்தின் தொல்லைகள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் ஆறு பைத்தான் பதிப்புகளில் முழு டெஸ்டும் ஓடும். டாக்ஸ் ஃபோல்டர் மட்டும் மாறினால் ஓடவேண்டாம் என்று, டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வடிகட்டி போட்டோம். அப்படிப் போட்டால், கட்டாயம் தேவை என்று குறித்திருந்த செக்குகள் தொடங்காமலே "காத்திருக்கிறது" என்று நின்று மெர்ஜ் பட்டனைப் பூட்டிவிட்டன. ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. வொர்க்ஃப்ளோவை (தானாக ஓடும் வேலைகளின் தொகுப்பு) ஓடவிட்டு, உள்ளே ஜாபின் (அதிலுள்ள ஒரு வேலை) மேல் நிபந்தனை வைத்துத் தவிர்த்தால் அது வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம், வெளிவந்த பதிப்பின் டாக்ஸில் பிழை என்றால் முக்கியக் கிளையில் திருத்தி, அதை அந்தப் பதிப்பின் கிளைக்கும் எடுத்துப் போடவேண்டும். ஜாங்கோவிலும் இதே நடைமுறைதான். மாதம் இரண்டு முறையாவது இதை நாங்கள் மறக்கிறோம்.

நிரல் எழுதாதவர்களுக்கும் தனி ரெப்போ இதமானது. ரெயில்ஸ் ஒரு காலத்தில் டாக்ரெயில்ஸ் என்று டாக்ஸுக்கென்றே ஒரு தனி ரெப்போ வைத்திருந்தது. வாசலைத் திறந்து விட்டிருந்தார்கள், ரிவ்யூவுக்குக் காத்திராமல் பலரும் நேரே எழுதலாம், அவ்வப்போது அதை மூலத்தில் கலந்துகொள்வார்கள். இன்றைக்கு ரெயில்ஸ் கைடைத் திருத்தவேண்டும் என்றால் மற்றவற்றைப் போல மூல ரெப்போவுக்கே பிஆர் போடவேண்டும்.

மொழிபெயர்ப்பில் தனி ரெப்போவின் கை ஓங்கியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ரியாக்ட் மொழிக்கு ஒரு ரெப்போ என்று பிரித்து வைத்திருக்கிறது. தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆங்கில மூலம் மாறினால் ஒரு பாட் (தானியங்கி நிரல்) அந்த மாற்றங்களைப் பிஆராகக் கொண்டுவந்து போடும். மொழிபெயர்ப்பவர் ரியாக்டின் மூல நிரல் பக்கமே போக வேண்டாம். ஜாங்கோவும் ஆங்கில டாக்ஸை நிரலோடு வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்புகளுக்கு மட்டும் வேறு ரெப்போ வைத்திருக்கிறது. எங்களிடம் மொழிபெயர்ப்பே இல்லை, ஆகவே இதில் எனக்குச் சொந்த அனுபவம் சுழியம்.

இன்னொரு வகை டாக்ஸ் இருக்கிறது. ரியாக்டின் இப்போதைய தளத்தில் உதாரணத்தைப் பக்கத்திலேயே திருத்தி ஓட்டலாம். அந்தத் தளமே நெக்ஸ்ட்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு முழு ஆப். அதன் நோட்ஜேஎஸ் சமாச்சாரங்களை எல்லாம் மூல ரெப்போவில் கொட்டினால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் எழுத்து வேறு, தளம் வேறு. ஜாங்கோவின் எழுத்து நிரலோடு இருக்கிறது, அதைக் காட்டும் தளத்தின் நிரல் வேறு ரெப்போவில். ஸ்வெல்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கும் அப்படியே, எழுத்தைத் தளம் இழுத்துக்கொள்கிறது. மூன்று பேர் என்பதால் நாங்கள் இந்த அளவுக்குப் போகவில்லை, ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி உருவாக்கித் தரும் பக்கங்களே எங்களுக்குப் போதும். முப்பது பேர், அதில் டாக்ஸுக்கென்றே நாலு பேர் என்றால் கணக்கு மாறலாம். அப்படி ஒரு இடத்தில் நான் வேலை பார்த்ததில்லை.

மாற நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய கமிட் வரலாற்றைத் தொலைக்காதீர்கள். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியை வைத்து எல்லாவற்றையும் ஒரு துணை ஃபோல்டருக்குள் தள்ளி, பிறகு மூல ரெப்போவில் மெர்ஜ் செய்தால் யார் எந்த வரியை ஏன் எழுதினார்கள் என்பது அப்படியே கிடைக்கும். திறந்திருக்கும் இஷ்யூக்களை ரெப்போ விட்டு ரெப்போ மாற்றலாம், பிஆர்களை மாற்ற முடியாது. அவற்றைப் போட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, இங்கே திரும்பப் போடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினோம். பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள்.

பழைய ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிட்டோம், அதாவது படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டோம். ஆனால் அதிலிருந்து உருவான பழைய பக்கங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. போன வாரம் அப்லோட் அளவை எப்படிக் கூட்டுவது என்று எங்கள் ஃபிரேம்வொர்க்கின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். முதலில் வந்தது பழைய பதிப்பின் பக்கம். எச்சரிக்கை எதுவும் இல்லை, நடுவில் பெரிதாக 5000. அந்தப் பதிப்புக்கு அது சரியான எண்தான். ஆர்க்கைவைத் திறந்து ஒரு எச்சரிக்கைப் பட்டை ஒட்டவேண்டும் என்று இஷ்யூ போட்டு, என் பெயரிலேயே எடுத்து வைத்திருக்கிறேன்.