வாசலில் கட்டுவதா, மேசையருகே படுக்க விடுவதா?

2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டின் கூடமே என் அலுவலகமானது. அதுவரை பகலெல்லாம் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த என் நாய் கருப்பனை என்ன செய்வது? இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

வெளியே இருந்தால் வேலை தடைபடாது என்று நம்பினேன். தபால்காரர், கேஸ் லோரி, பக்கத்து வீட்டுப் பூனை என ஒவ்வொன்றுக்கும் குரைத்தான். அதைவிட வெயில்தான் என்னைக் கலங்கடித்தது. கோலாலம்பூரின் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் அதுவும் எளிதில் நடக்காது. சிமெண்டுத் தரை கொதிக்கையில் அவனைச் சங்கிலியில் பிணைத்துவிட்டு, நான் உள்ளே குளிர்சாதனத்தின் கீழ் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. மாலை இடிமழைக்கு அவன் நடுங்குவது தனிக் கொடுமை.

உள்ளே விட்ட முதல் வாரம் தொல்லைதான். அலுவலகக் கூட்டம் தொடங்கினாலே மடியில் தலையை வைத்து முனகுவான். காலை ஏழு மணிக்குள் அரை மணி நேரம் நடக்க அழைத்துப் போனால் மதியம் வரை தூங்குகிறான் என்பது பிறகுதான் புரிந்தது. முடி உதிர்கிறது, தினமும் பெருக்க வேண்டும். அது பெரிய வேலையல்ல.

வாசலில் இருப்பதில் காவல் என்ற நன்மை உண்டு. அதற்கு இரவு போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் நிர்வாக விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல குடியிருப்புகளில் நாய்க்கே தடை.