மதுரைப் பயணம்: அக்காவின் இம்ப்ளான்ட் வழக்குக்காக ஏறிய படிகள்

இந்த முறை நியூஜெர்சியிலிருந்து ஊருக்குப் போனது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இல்லை, பெரியம்மா மகள் அக்காவுக்காக. 2022-ன் தொடக்கத்தில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் புற்றுநோய்க்காக அவளுடைய ஒரு மார்பகத்தை எடுத்தார்கள். எக்ஸ்பாண்டர் வைத்துச் சில மாதம் தோலை விரித்து, அப்புறம் சிலிக்கான் இம்ப்ளான்ட், அதாவது செயற்கை மார்பகம், பொருத்தினார்கள். புற்றுநோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் 2024 கடைசியில் அந்தப் பக்கம் இறுகிப்போய், வடிவம் மாறி, கையைத் தூக்கினால் வலி என்றாள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இம்ப்ளான்டின் உறை கிழிந்து ஜெல் கசிந்திருந்தது. அறுவை செய்தவரே படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகக் கூடாது என்றார்.

எந்த மருத்துவமனை, எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட அலர்கன் நிறுவனத்தின் பொருள் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உறவினர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான்.

அந்தக் கதை தெரியாதவர்களுக்கு: 2019 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன்பேரில் அலர்கன் தன் பயோசெல் வகை சொரசொரப்பான இம்ப்ளான்டுகளையும் எக்ஸ்பாண்டர்களையும் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய்தான் காரணம். அன்று எஃப்.டி.ஏ. கணக்கில் உலகளவில் 573 பேருக்கு அந்த நோய், 33 பேர் இறந்திருந்தார்கள். அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய் அகற்ற வேண்டியதில்லை என்றும் எஃப்.டி.ஏ. அப்போதே சொன்னது. அது தொடர்பான வழக்குகளை அந்த ஆண்டு டிசம்பரில் நான் வசிக்கும் நியூஜெர்சியின் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் ஒன்று சேர்த்தார்கள். அதனால் "நீ அங்கதானே இருக்க, அங்கேயே கேஸ் போட்டா டாலர்ல வருமே" என்று அத்தான் கேட்டது இயல்புதான்.

கிளம்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். இந்தியாவில் வாங்கி, இந்தியாவில் பொருத்தி, இந்தியாவிலேயே பாதிப்பு வந்திருந்தால், அதற்கான நீதிமன்றம் அங்கேதான் என்று அமெரிக்க நீதிபதிகள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். இன்னொரு தடையும் உண்டு. எஃப்.டி.ஏ.வின் மிகக் கடுமையான முன் அனுமதி பெற்ற கருவிகளின் மேல் மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-ல் பெருமளவு அடைத்துவிட்டது. சிலிக்கான் இம்ப்ளான்டுகள் அந்த வகையில் வருபவை. ஆக, அமெரிக்கக் கதவை நம்பி ஊரில் நேரத்தை விடக் கூடாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ஊரில் முதல் படி மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவு. இம்ப்ளான்ட் பெட்டியோடு பிரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் சில வரும். ஒன்றை கேஸ் ஷீட்டில், அறுவைக் குறிப்புப் பக்கத்தில் ஒட்டுவார்கள். இன்னொன்று நோயாளியின் கையில் கொடுக்கும் அட்டையில் இருக்க வேண்டும். அதில் மாடல் எண், லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்குப் பொதுவான எண்), சீரியல் எண், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் எல்லாம் இருக்கும். அக்காவுக்கு அட்டையே கொடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிலிக்கான் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டது" என்பதோடு சரி. பில்லிலும் "இம்ப்ளான்ட் – 1" என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. யார் செய்த பொருள் என்றே தெரியாமல் யார் மேல் வழக்குப் போடுவது?

சென்னைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பையன், என்ன ஆபரேஷன் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் கேட்டான். அக்கா முந்தானையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தில் எழுதி நீட்டினேன். அடுத்துச் சொன்ன பதில்தான் முக்கியம்: "மூணு வருஷம் தாண்டிடுச்சு மேடம், கோடவுனுக்குப் போயிருக்கும், இருக்கான்னு பாக்கணும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். உடம்புக்குள் பத்து, பதினைந்து ஆண்டு இருக்கப்போகும் பொருளுக்கான காகிதத்துக்கு மூன்றாண்டு ஆயுள் என்பது பெரிய அநியாயம். அதே விதிகளில் இன்னொரு வரியும் இருக்கிறது: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டவரை "நாளைக்கு வாங்க" என்றுதான் பதில் வந்தது. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு, மின்னஞ்சலிலும் அனுப்பிய பிறகு கோடவுனிலிருந்து கேஸ் ஷீட் வந்துவிட்டது. அறுவைக் குறிப்புப் பக்கத்தின் மூலையில், லேசாக மஞ்சளேறி, அந்த ஸ்டிக்கர் இருந்தது. லாட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் யாரோ பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தோம். பக்கத்துக்குப் பக்கம் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாகப் படமும் எடுத்துக்கொண்டேன்.

இதில் நான் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், ஜான்சன் அண்டு ஜான்சனின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு விவகாரத்தில் நடந்தது அப்படி. 2010-ல் உலகளவில் திரும்பப் பெற்ற பொருள் அது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தியிருந்தார்கள். மத்திய அரசு அமைத்த குழு தேடியபோது ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. 2018-ல் அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று கணக்கு வகுத்தபோதும், மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை.

இரண்டாவது படி, கிழிந்த இம்ப்ளான்டை அகற்றும் அறுவை. அதை மதுரையிலேயே வேறொரு மருத்துவமனையில் செய்தோம். அறுவைக்கு முதல் நாள், எடுக்கும் பொருளை மருத்துவக் கழிவில் போடாமல் எங்களிடம் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அந்த அறுவை மருத்துவரைப் பாராட்டியே ஆக வேண்டும். கிழிசல் எங்கே இருந்தது என்று குறிப்பில் தெளிவாக எழுதினார், படம் எடுத்தார், மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பெயர், தேதி ஒட்டிக் கையெழுத்தும் இட்டார். கூடவே சுற்றியிருந்த சவ்வையும் நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்றைக்குத்தான் பெரியம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

வார்டில் இருக்கும்போதே விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார். புது இம்ப்ளான்ட் இலவசமாகத் தருகிறோம், பழையதை ஆய்வுக்குக் கொடுங்கள், இதில் ஒரு கையெழுத்து என்றார். இரண்டு பக்கப் படிவம். இரண்டாம் பக்கத்தின் அடியில், இந்த மாற்றுப்பொருளோடு என் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்ற பொருளில் ஒரு வாசகம். "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டோம். பொருளையும் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கின் பாதி அங்கேயே போயிருக்கும். இருக்கிற ஒரே சான்றையும் எதிர்த்தரப்பின் ஆய்வகத்துக்கே அனுப்பியிருப்போம்.

மூன்றாவது படி, மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. இந்தப் பயணத்தில் மனதுக்கு நிறைவாக இருந்த இடம் இதுதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, எல்லோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஊரில் பலருக்கு இது தெரியவில்லை. 15100 என்ற எண்ணில் அழைத்தாலே வழி சொல்கிறார்கள். அங்கே இருந்த தன்னார்வலர் பெண் ஒருவர் அக்காவை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, "அவசரமில்லைக்கா, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். அறுவை நடந்து மூன்றாண்டில் அக்கா முழுக் கதையையும் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அன்றுதான். குழு வழியாகக் கிடைத்த பெண் வழக்கறிஞர் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்.

அவர் விளக்கியதிலிருந்து எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். 1995-லேயே உச்ச நீதிமன்றம் பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் கட்டிய பணமும் அதில் சேரும். 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பொருளின் குறைக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே வந்தது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை இல்லாமை ஆகியவற்றில் ஒன்றை நிரூபித்தால் போதும், மருத்துவர் தவறு செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை. தயாரித்தவர் வெளிநாட்டில் இருந்து அவர்மேல் உத்தரவை நிறைவேற்ற முடியாது என்றால், இங்கே இறக்குமதி செய்து விற்றவரே பொறுப்பு. அக்காவின் வழக்கு நிற்பது இந்தப் பிரிவின் மேல்தான். ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் பெயரும் உரிம எண்ணும் இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது புரிந்தது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு கவசம் இருக்கிறது. நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால், அந்த நிபுணரை எச்சரித்துவிட்டோம் என்று காட்டி, "நோயாளிக்குச் சொல்லவில்லை" என்ற குற்றச்சாட்டிலிருந்து நிறுவனம் தப்பலாம். அதனால் எச்சரிக்கை இல்லை என்பதைவிட, உறை கிழிந்தது தயாரிப்புக் குறை என்பதையே முன்னால் வைக்கலாம் என்றார். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பொருளுக்குச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. டப்பாவைப் பத்திரமாக வைத்திருந்தது அதற்காகத்தான்.

அக்கா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "என் உசுரக் காப்பாத்துன டாக்டர் மேல கேஸ் போட மாட்டேன்." வழக்கறிஞர் அதை மதித்தார். மருத்துவர் பெயரைச் சேர்க்கவில்லை. பில் போட்டு விற்றது என்ற முறையிலும், ஆவணங்களைக் கொண்டுவர வேண்டிய தரப்பு என்ற முறையிலும் மருத்துவமனையைச் சேர்த்தார். போலீஸில் புகார் கொடுக்கலாமே என்ற அத்தானிடம், 2005-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர்கள் மேல் குற்ற வழக்கு நிற்கும், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

நுகர்வோர் புகார் கொடுக்கக் கால வரம்பு இரண்டு ஆண்டு. எப்போதிலிருந்து என்பதில்தான் வழக்குகள் சாய்கின்றன. 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று ஒரு செவிலியர் பல ஆண்டு கழித்து வந்தார். தெரியவரும் நாளிலிருந்து எண்ணலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றாலும், இத்தனை வருடம் வலித்தும் அறுவை செய்தவரிடம் திரும்பப் போகாதது ஏன் என்று கேட்டு அவருடைய புகாரைக் காலம் கடந்தது என்றது. நம் வீட்டுப் பெண்கள் வலியை எவ்வளவு நாள் பொறுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். சொல்லக் கூச்சப்படும் இடத்தில் வலி என்றால் இன்னும் அதிகம். வலி என்று சொல்லி மருத்துவரைப் பார்த்த முதல் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அக்காவின் எம்.ஆர்.ஐ. தேதியிலிருந்து எண்ணினால் எங்களுக்கு நேரம் இருந்தது.

புகாரை மத்திய அரசின் இ-ஜாக்ருதி தளத்திலேயே ஏற்றினோம். எவ்வளவு இழப்பீடு கேட்கிறோம் என்பதை வைத்து அல்ல, எவ்வளவு பணம் செலுத்தினோம் என்பதை வைத்தே எந்த ஆணையம் என்று தீர்மானமாகும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். அக்கா செலுத்தியது 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய், அவ்வளவுதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அறுவை சென்னையில் நடந்திருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால் மதுரையில் போட்டோம். தளம் பாதியில் நின்று, ஸ்கேன் செய்த பக்கங்கள் பெரிதாக இருக்கின்றன என்று திருப்பியது. ஆணைய அலுவலக ஊழியர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். ஆரம்பக் கட்டக் கேள்விகளுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் பரவாயில்லை. ஆனால் மருத்துவக் கருவி என்றதும் அவர்களுக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வழக்குக்கு வெளியே ஒரு வேலையும் செய்தோம். காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015-லிருந்து நடக்கும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது. கருவியால் வந்த பாதிப்பை நோயாளியே அதற்குத் தெரிவிக்கலாம். இழப்பீடு எதுவும் கிடைக்காது. ஆனால் அதே லாட்டில் வேறு பெண்களுக்கும் கிழிந்திருந்தால், அது வெளியே தெரிய இதுதான் வழி. படிவத்தை நிரப்பியது அக்காவேதான். லாட் எண்ணை ஸ்டிக்கரோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

நான் கிளம்புவதற்குள் புகாருக்கு எண் விழுந்து, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் கூட 15 நாள், அதற்கு மேல் கிடையாது. சட்டப்படி வழக்கை மூன்று மாதத்திலும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் வருடக் கணக்காகும் என்று வழக்கறிஞர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பறக்க வேண்டியதில்லை, காணொலியில் ஆஜராக அனுமதி கேட்டு மனு போடலாம். ஊரிலுள்ளவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடச் சொல்லுங்கள்.